பழிவாங்கும் படமும் ஐந்தாம் பெட்டியும்

அரசாங்கத்தில் எனக்குத் தெரியாத நடைமுறை என்று எதுவும் கிடையாது. ஒரு காகிதம் எந்த வாசல் வழியாக அலுவலகத்துக்குள் நுழையும், எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும், யார் வந்து தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன இருக்கிறது?) ஆனால் நடைமுறையை ஓர் எழுத்துப் பிசகாமல் நான் கடைப்பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான், வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், அறுபது படித்த மனிதர்கள் முன்னிலையில் என் மானம் போயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்துமூன்று வயது. ராதாபுரம் தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். சொந்த ஊர் உவரி. என் அண்ணன்மார் மூன்று பேரும் கடலுக்குப் போனார்கள். நான் காகிதத்துக்குப் போனேன். வார இறுதிகளில் திருநெல்வேலிக்கு வந்து ஒரு திரைப்படச் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தேன். செயலாளர் பதவி. வெளிநாட்டுப் படங்களை வரவழைத்து, வாடகை மண்டபத்தின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, ஞாயிறு காலையில் திரையிடுவோம். வக்கீல்கள், வங்கிக்காரர்கள், கல்லூரி ஆசிரியர்கள் வருவார்கள். வெளிநாட்டுப் படம் என்றால் தணிக்கை இருக்காது என்று நம்பி வரும் நாலைந்து பேரும் உண்டு.

சங்கத் தலைவர் நம்பிராஜன், ஆங்கிலப் பேராசிரியர். படம் முடிந்ததும் எழுந்து பத்து நிமிடம் விளக்கம் சொல்வார். அதுவரை படம் புரிந்ததோ இல்லையோ என்று சந்தேகத்தில் இருந்தவர்களுக்கு, புரியவில்லை என்பது அப்போது உறுதியாகிவிடும்.

இனி பிலோமினா. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. உவரியில் இருந்த அவள் அத்தைக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். இணைப்புகள் சரியில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காம் முறை எல்லாக் காகிதத்தையும் நூலால் தைத்து, பக்க எண் போட்டு, மேலே பொருளடக்கம் ஒன்றும் வைத்துக் கொண்டுவந்தாள்.

“குறை ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க சார். அஞ்சாவது தடவைன்னா நான் இங்கனயே வீடு பார்த்துருவேன்.”

என் பணிக்காலத்தில் பொருளடக்கத்தோடு வந்த ஒரே மனுதாரர் அவள்தான். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என் மூத்த அண்ணி போய்ப் பேசினாள். பிலோமினாவின் அப்பா சவரிமுத்து, ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். தேக்குக் கதவு போல ஒரு மனிதர். அவர் சொன்னதை அண்ணி அப்படியே வந்து ஒப்பித்தாள்:

“கவர்மெண்டு மாப்பிள்ளை தெருவுக்கு நாலு பேரு இருக்கான். ஒரு வேலையைக் கையில எடுத்தா ஒழுங்கா முடிக்கானான்னு எனக்குத் தெரியணும். ஏதோ படம் காட்டுதானாமே? வார ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மகளையும் கூட்டிட்டு அங்கன வாரேன். காரியம் ஒழுங்கா நடந்தா மேக்கொண்டு பேசுவோம். நடக்கலைன்னா காப்பியைக் குடிச்சிட்டு எந்திச்சு வந்துருவேன்.”

ஆகவே, அந்த ஞாயிறு படம் ஒழுங்காக ஓடினால் பிலோமினா உண்டு, ஓடாவிட்டால் இல்லை. ஏற்கெனவே நான்கு இடங்கள் தட்டிப்போயிருந்தன. (ஒரு பெண் வீட்டாரிடம் ஞானஸ்நானச் சான்றிதழின் சான்றொப்பமிட்ட நகல் கேட்டேன். அதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

போலீஸ்காரருக்குப் பிடிக்கிற மாதிரிப் படம் வேண்டுமே என்று பட்டியலைப் புரட்டினேன். ஒரு படத்துக்கு இரண்டு வரிக் குறிப்பு இருந்தது. முதல் வரியில் துப்பாக்கி, துரத்தல், மூச்சுமுட்டும் விறுவிறுப்பு. இரண்டாம் வரியில், ஓர் அரசாங்கமே பழிவாங்கக் கிளம்பினால் அதை நிறைவேற்றுகிறவனின் மனசாட்சி என்ன விலை கொடுக்கிறது என்பதைப் பற்றிய ஆராய்ச்சி. முதல் வரியை நம்பிப் படத்தை வரவழைத்தேன். இரண்டாம் வரியை யார் படித்தது?

வெள்ளிக்கிழமை முறைப்படி தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பார்சல் ஆபீசுக்குப் போனேன். படச்சுருள் அடங்கிய வட்டத் தகரப் பெட்டிகள் நான்கு வந்திருந்தன. ஐந்தாவது பெட்டி வழியில் எங்கேயோ தங்கிவிட்டு சனிக்கிழமை தனியாக வந்து சேர்ந்தது. எனக்கு முந்திய செயலாளர்கள் எந்தப் பொருளையும் பதிவு செய்ததில்லை. நான் அப்படி விடுகிறவனா? வந்த வரிசைப்படி பதிவேட்டில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை வந்தவை அடுக்கியிருந்தபடியே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சனிக்கிழமை வந்தது ஐந்து. எண்ணைச் சீட்டில் எழுதி, ஆபீஸ் பசையை நன்றாகத் தடவி, ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஒட்டினேன். அங்கே ஏற்கெனவே ஏதோ ஒரு எண் மங்கலாக எழுதியிருந்தது. யாரோ கையால் கிறுக்கியது. அதன் மேலேயே அழுத்தி ஒட்டினேன். அலுவலகத்தில் உள்ளே வந்த காகிதத்துக்கு நாம் போடுகிற எண்தான் எண். வந்த இடத்து எண்ணை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேலப்பாளையம் மைதீன் அண்ணாச்சி ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தியேட்டர் தியேட்டராக மாறி முப்பது வருஷம் படம் ஓட்டியவர். பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சார், மூடியெல்லாம் சீட்டு ஒட்டி வச்சிருக்கீய? ரீல் நம்பரு எங்கன?”

“அந்தச் சீட்டுலதான் இருக்கு அண்ணாச்சி. ஒண்ணுல இருந்து அஞ்சு.”

“பிலிமோட முனையிலயும் நம்பர் இருக்கும். இதுல எல்லாம் கிழிஞ்சுல்லா போயிருக்கு.”

“அதுக்குத்தான் பதிவேடுன்னு ஒண்ணு வேணும்ங்கிறது.”

மைதீன் அண்ணாச்சி என்னை ஒரு கணம் பார்த்தார். “சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் இப்படிச் சொன்னால் அது எச்சரிக்கை. எனக்குப் பாராட்டாகக் கேட்டது.

பத்து மணிக்கு சவரிமுத்து ஐயா வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். பின்னால் பிலோமினா. முன்வரிசையில் உட்காரவைத்தேன். அவர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்காலிகளின் வரிசை, ஜன்னல் துணி, தண்ணீர்ப் பானை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு லேசாகத் தலையசைத்தார். பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது எனக்கு.

விளக்கணைந்தது. படத்துக்குப் பெயரும் இல்லை, பாட்டும் இல்லை. எடுத்த எடுப்பில் ஒரு சலூன். கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒருவன் கண்மூடிப் படுத்திருக்கிறான். மழைக்கோட்டுப் போட்ட ஒல்லியான ஆள் ஒருவன் உள்ளே வந்து, நிதானமாக அவனைச் சுட்டுவிட்டு, குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகிறான்.

“அட்ரா! வந்ததும் வராததுமாவா!” என்று சவரிமுத்து ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒல்லி ஆளிடம் ஐந்து பெயர் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. கூட மூன்று பேர். ஊர் ஊராகப் போனார்கள். ரொட்டிக் கடை வாசலில் ஒருவன் விழுந்தான். லிஃப்டுக்குள் ஒருவன். எதற்காகக் கொல்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான்காவதாகக் கொன்றது தவறான ஆளை. அதே பெயருள்ள ஒரு பல் வைத்தியர். ஒல்லி ஆளுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. ஹோட்டலில் கையைக் கழுவுகிறான், கழுவுகிறான், கழுவிக்கொண்டே இருக்கிறான். நான்காம் பெட்டியின் கடைசியில் ஊர் திரும்புகிறான். மகள் ஓடிவருகிறாள். அவளைத் தூக்காமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். திரையில் ஏதோ ஒரு பாஷையில் ஒரே ஒரு சொல் வந்தது.

ஜனங்கள் எழுந்து சோம்பல் முறித்தார்கள். காப்பி வாசனை வந்துகொண்டிருந்தது.

“சார்! இன்னும் ஒரு பெட்டி கிடக்கு!” என்று பின்னாலிருந்து மைதீன் அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஐந்தாம் பெட்டி சுழன்றது. கம்பீரமான இசை. திரை முழுக்கப் பெரிய எழுத்தில் படத்தின் பெயர். அதன்பின் நடிகர்கள் பெயர், வசனகர்த்தா பெயர், இயக்குநர் பெயர்.

அந்த நிமிடம் என் உடம்பில் ஓடியதை இரத்தம் என்று சொல்ல முடியாது. ஐந்தாம் பெட்டிதான் முதல் பெட்டி. சனிக்கிழமை வந்ததால் அதை நான் கடைசியாக்கிவிட்டேன். ஓட்டத்தை நிறுத்தவும் வழியில்லை. மீதியெல்லாம்தான் ஏற்கெனவே ஓடிவிட்டதே!

திரையில் ஒரு திருவிழாவுக்குப் படகு நிறைய ஜனங்கள் போனார்கள். படகு வெடித்தது. தண்ணீரில் குழந்தைகளின் செருப்புகள் மிதந்தன. ஒரு மந்திரி அறையில் ஐந்து பெயர்களைச் சொன்னார்கள். “எழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது” என்று மந்திரி சொன்னது ஆங்கிலத்தில் அடியில் ஓடியது. (கோப்பு இல்லாமல் ஐந்து கொலையா? அந்தக் கலவரத்திலும் எனக்குப் பதறியது.) ஒல்லி ஆள் உண்மையில் வரி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. மனைவியிடம் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினான். அதோடு பெட்டி தீர்ந்து, திரை வெளுத்தது.

விளக்கு எரிந்தது. பலருடைய முகத்தில் சந்தேகம் இருந்தது. ஆனால் பேராசிரியர் இருக்கும் சபையில் சந்தேகத்தை வெளியே காட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் எழுந்தார். கண்கள் பளபளத்தன.

“நண்பர்களே, எத்தனை துணிச்சல்! படம் முடிந்த பிறகு படத்தின் பெயரைப் போடுகிறான். முதலில் கொலைகள், கடைசியில் காரணம். காலத்தையே தலைகீழாகக் கவிழ்த்துவிட்ட ஒரு மேதையை இன்று சந்தித்தோம்!”

கைதட்டல். எனக்கு மூச்சு வந்தது. தப்பித்துவிட்டேன். நான் வாயைத் திறக்காதவரைக்கும் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சவரிமுத்து ஐயாகூடத் தட்டினார்.

பிலோமினா கையைத் தூக்கினாள்.

“சார், ஒரு சந்தேகம். சலூன்ல சுடும்போது அவர் விரல்ல மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த தடம் மட்டும் வெளுப்பாத் தெரிஞ்சது. கடைசியாப் பார்த்ததுலதான் கழத்திக் கொடுக்காரு. அப்படின்னா கடைசியா ஓடுனதுதானே முதல்ல வரணும்?”

பேராசிரியர் கருணையோடு சிரித்தார். “அம்மா, அது குறியீடு. நீங்கள் புதிது. இப்படிப்பட்ட படங்களை நாலைந்து பார்த்துப் பழகினால் புரியும்.”

சிரிப்பு எழுந்தது. வக்கீல்கள் சிரித்தார்கள், வங்கிக்காரர்கள் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. கையையும் இறக்கவில்லை. முகம் சிவந்திருந்தது, ஆனால் கை அங்கேயே நின்றது.

அந்தக் கையைப் பார்த்தபடி நான் கணக்குப் போட்டேன். பேசாமலிருந்தால் பெண் கிடைக்கும். ஆனால் அறுபது பேர் முன்னால் சரியாகச் சொன்ன ஒரே ஆளை முட்டாளாக்கித்தான் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். எழுந்தேன். பதற்றத்தில் எனக்கு அலுவலகத் தமிழ்தான் வரும்.

“தலைவர் அவர்களே, நடவடிக்கையில் ஒரு திருத்தம் கோருகிறேன்.”

ஐந்தாம் பெட்டியின் மூடியை வாங்கி, தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு கை அள்ளித் தெளித்து, நகத்தால் சீட்டைச் சுரண்டினேன். அலுவலகப் பசை லேசில் விடுமா? ஒரு முழு நிமிடம் சபையே நான் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் சீட்டு உரிந்தது. அடியில் மங்கலாக ‘1’. மூடியைத் தூக்கிக் காட்டினேன்.

“டீச்சர் சொன்னது சரி. மேதை யாருமில்லை. பெட்டி வந்த தேதிப்படி நான்தான் எண் போட்டேன். தவறு செயலாளருடையது.”

மண்டபம் வெடித்தது. ஒரு வக்கீல் சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “வே, செயலாளரே! அடுத்த மாசம் கல்யாணப் படம் போடும்! முதல்ல பிள்ளைக்குப் பேரு வைப்போம், பிறகு தாலி கட்டுவோம்!” பேராசிரியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். (அதன்பின் ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அந்த ஆறு மாதமும் படங்கள் ஓரளவு புரிந்தன.) நான் மூடியைப் பிடித்தபடி, கையெல்லாம் பசை ஒழுக நின்றேன்.

அப்போது சவரிமுத்து ஐயா எழுந்தார். காப்பியைக் குடித்துவிட்டுப் போகத்தான் எழுகிறார் என்று நினைத்தேன்.

“சிரிச்சது போதும்” என்றார். உடனே நின்றது. அது அப்படிப்பட்ட குரல்.

“இவரு மாத்தி ஓட்டிட்டாருன்னு சிரிக்கீய. நான் ஒண்ணு சொல்லுதேன். ஒரு காலத்துல எங்க ஏட்டு ஒருத்தரை வெட்டிட்டானுவ. நல்ல மனுசன். மறுநா காலையில பன்னெண்டு பேரு வண்டி ஏறிப் போனோம். மேல இருந்து வாய்வார்த்தை உத்தரவு, எழுத்துல ஒண்ணும் கிடையாது. கையில அகப்பட்டவனையெல்லாம் அடிச்சோம். யாரை, எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கல. சாயங்காலம் வந்து உக்காந்துதான் காரணத்தை எழுதினோம். ஒருத்தனுக்கு என் கையாலயே கை ஒடிஞ்சது. அவனுக்கும் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு பிறகு தெரிஞ்சது.”

பிலோமினா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவளும் இதை இப்போதுதான் கேட்கிறாள் என்று தெரிந்தது.

“படம் எடுத்தவன் முதல்ல படகு வெடிச்சதைக் காட்டியிருக்கான். அதை முதல்ல பார்த்திருந்தா நான் ஒவ்வொரு கொலைக்கும் கை தட்டியிருப்பேன். இவரு அதைக் கடைசியில போட்டாரு. நான் வெறும் கொலையைப் பார்த்தேன். அவன் கையைக் கழுவுதது எனக்கு விளங்குச்சு.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று விவாதம் என்று எதுவும் நடக்கவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

எல்லோரும் போன பிறகு கீழே படிக்கட்டில் என்னைப் பிடித்தார்.

“சீட்டை ஒட்டுனது யாரு?”

“நான்தான் ஐயா.”

“கிழிச்சது?”

“நான்தான்.”

“ஒட்டுனதுக்கு உமக்குப் பொண்ணு தரக்கூடாது. கிழிச்சதுக்குத் தாரேன். அண்ணியை வரச் சொல்லும்.”

பின்னால் நின்ற பிலோமினா, “கையைக் கழுவிட்டு வாங்க, பசை காய்ஞ்சிரும்” என்றாள். என்னிடம் அவள் சொன்ன முதல் சொந்த வாக்கியம் அது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் மாமனார் ஒரு பேனாவோடு வந்தார். “மாப்ளே, உமக்கு எல்லா நடைமுறையும் தெரியும்லா? ஒருத்தன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். எப்படி எழுதணும்?”

உட்கார்ந்தேன். பெறுநர், பொருள் வரைக்கும் வந்தது. ‘பார்வை’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. எந்த ஆவணத்தைப் பார்வையாகக் காட்டுவது? இருந்த ஒரே ஆவணம் அன்று சாயங்காலம் அவர்கள் எழுதிய பொய். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு நடைமுறை இல்லை மாமா” என்றேன். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான். “அப்ப பஸ்ஸுக்கு வாரும்” என்றார்.

ராதாபுரத்துக்குத் தெற்கே பனங்காட்டுக்குள் ஒரு சிற்றூர். அந்த ஆள் ஆட்டுக்கிடைக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தார். இடது கை சற்றே வளைந்திருந்தது. மாமனார் எதையும் மறைக்காமல் சொல்லி, கைகூப்பினார். அந்த ஆள் வேலியைவிட்டுக் கையை எடுக்காமலே கேட்டார்.

“நீங்க எந்த ஸ்டேஷனு? என்னைய ரெண்டு ஸ்டேஷன்ல அடிச்சிருக்காவ.”

மாமனார் சொன்னார்.

“அப்ப நீங்க முத அடி. கை உங்க கணக்கு, முதுகு அவங்க கணக்கு. சரி, வந்தீய. வெயில்ல நிக்காதிய, இங்கன உக்காருங்க. ரெண்டாவது ஸ்டேஷன்காரரை எங்கயும் பார்த்தா அவரையும் பைய வரச் சொல்லுங்க.”

மாமனார் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரித்து, அந்த இன்னொரு இன்ஸ்பெக்டரின் வீட்டையும் கண்டுபிடித்துப் போனார். அவர் நாயை அவிழ்த்துவிட்டார். மறு மாதம் மறுபடி போனார். என்னைக் கேட்டால், எங்கள் குடும்பத்தில் எந்தப் பதவியையும்விடப் பெரிய காரியம் அதுதான். மூன்றாம் முறை போனபோது நாய் குரைக்கவில்லை; பழகிவிட்டது. மனிதர் மட்டும் கடைசிவரை பழகவில்லை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும், ஒன்றைச் செய்துவிட்டுப் பிறகு அதற்குக் காரணம் தேடினால், “அஞ்சாம் பெட்டியா?” என்று கேட்பார்கள். மகள் கேட்பாள், மருமகன் கேட்பான், எதற்கென்று தெரியாமலே பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கப் பழகிவிட்டார்கள். போன வாரம், என் செய்தித்தாளை மேல்வீட்டு வாத்தியார் எடுத்துவிட்டார் என்று படியேறிப்போய் நான்கு வார்த்தை சூடாகக் கேட்டுவிட்டு வந்தேன். தாள் என் நாற்காலியின் அடியில் கிடந்தது. “அவரு முன்னாடி ஒரு தடவை எடுத்திருக்காருல்லா” என்று தொடங்கினேன்.

பிலோமினா ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, மாடிப்படி விளக்கைப் போட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன்.